யாருடைய கடன்? யாருடைய நடத்தை?

கடலூர் மாவட்டத்துக் கரும்பு உழவர் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். ஆண்டில் எந்த மாதங்கள் கொடியவை என்பதை விரல்விட்டுச் சொல்லிவிடுவார். கரும்பு முற்றி நிற்கும். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்திருக்காது. உரக்கடைப் பாக்கி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், கூட்டுறவுச் சங்கத் தவணை எல்லாம் ஒரே வேளையில் கழுத்தை நெரிக்கும். மனைவியின் தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகும். கரும்பை வெட்டி ஏற்றி அனுப்பிய பிறகுதான் கையில் காசு புரளும். அதுவும் ஆலை உரிய காலத்தில் கொடுத்தால்தான்.

இந்த வாழ்வு உலகப் புகழ் பெற்ற ஓர் ஆய்வுக்குக் களமாயிற்று என்பதை நம்மில் பலர் அறியோம். 1993 வரை நம்மோடு ஒரே தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த விழுப்புரத்திலும், அதை அடுத்துள்ள திருவண்ணாமலையிலும், 54 சிற்றூர்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவர்களை ஆய்வாளர்கள் சந்தித்தனர். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய அறிஞர்கள் நடத்திய அந்த ஆய்வு 2013-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. அறுவடைக்கு முன் ஒருமுறை, அறுவடைக்குப் பின் ஒருமுறை என அதே உழவருக்கு அறிவுத் திறன் சோதனை வைத்தார்கள். ஆலைகள் எல்லாருடைய கரும்பையும் ஒரே நாளில் அரைக்க இயலாமையால் வெட்டு உத்தரவு மாதக் கணக்கில் முன்னும் பின்னுமாக வருகிறது அல்லவா? அந்த ஏற்பாடே ஆய்வுக்குத் துணையாயிற்று. ஒரே மாதத்தில் ஒருவர் காசில்லாதவராகவும் அவருக்கு அடுத்த வயல்காரர் காசுள்ளவராகவும் இருந்தமையால், பருவத்தின் விளைவையும் வறுமையின் விளைவையும் பிரித்தறிய முடிந்தது.

முடிவு என்ன? அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தனர். அறுவடைக்குப் பின் நூற்றுக்கு 4 பேரே. முன்பு தடுமாறிய அதே மனிதர் பின்பு தெளிவாகவும் விரைவாகவும் விடை சொன்னார். அவருடைய மூளை மாறவில்லை. மடியில் இருந்த கனம் மாறியது. பற்றாக்குறை என்பது வயிற்றை மட்டுமன்று, சிந்திக்கும் ஆற்றலையும் தின்றுவிடுகிறது என்பதே ஆய்வாளர்கள் கண்டது. ஏழை அறிவிலி ஆதலால் ஏழையாயிருக்கிறான் என்ற ஆணவப் பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இந்த உண்மையிலிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. மனத்தை அழுத்தும் சுமையை இறக்கிவைப்பது ஒரு பாதை. அழுத்தப்பட்ட மனம் வலுவிழந்தது ஆகையால், அதை நாம் விரும்பும் பக்கம் நெட்டித் தள்ளலாம் என்பது மற்றொரு பாதை. உலகெங்கும் அரசுகள் இரண்டாம் பாதையையே மிகுதியாக விரும்புகின்றன. அது செலவு குறைந்தது. அதிகாரத்தில் உள்ள எவரையும் நோகச் செய்யாதது. அந்த விருப்பத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மெல்லத் தள்ளும் கலை

மனிதர் எவ்வாறு முடிவெடுக்கின்றனர் என்பதை ஆராய்ந்து, அந்த அறிவைக் கொண்டு மக்களை ஆளும் முறைக்கு நடத்தை அறிவியல் என்று பெயர். 2002-இல் டேனியல் கானமனும், 2017-இல் ரிச்சர்ட் தேலரும் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றது இத்துறையில் செய்த பணிகளுக்காகவே. தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீனும் 2008-இல் எழுதிய நூல், கட்டாயப்படுத்தாமல், தண்டிக்காமல், மெல்லத் தள்ளியே மக்களை நல்வழிப்படுத்தலாம் என்றது. 2010-இல் பிரிட்டிஷ் அரசு இதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்தது. வரி பாக்கி வைத்தவருக்கு, 'உம் ஊரில் பெரும்பாலோர் வரியைக் கட்டிவிட்டனர்' என்று கடிதம் எழுதியது அதன் புகழ்பெற்ற வேலைகளுள் ஒன்று. 2015-இல் உலக வங்கி தன் ஆண்டறிக்கை முழுவதையும் மனித மனமும் நடத்தையும் என்னும் பொருளுக்கே ஒதுக்கியது.

இக்கலை முழுவதும் தீது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளர் மறுப்புச் சொல்லாவிட்டால் அவரை ஓய்வூதியச் சேமிப்பில் சேர்த்துவிடும் முறைக்கு ஊக்கம் தந்தது; பலருடைய முதுமைக்கு அது கைகொடுத்தது. நம் திருச்சி மாவட்டத்து முசிறியில் 'ஸ்கோப்' என்னும் தொண்டு நிறுவனம், பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துவோருக்கு ஒவ்வொரு முறையும் 10 காசு கொடுத்தது. அதை முன்னின்று நடத்திய சுப்புராமன் 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அங்கே கழிப்பறை அருகில் இருந்தது, தூய்மையாக இருந்தது, சேர்ந்த கழிவு வயலுக்கு எருவாயிற்று. கொடுத்த பொருளுக்கு விலை என்று எல்லாருக்கும் தெரிந்தே அக்காசு கைமாறியது. இதில் எவருடைய மானமும் குறையவில்லை.

இதே நாட்டில், தூய்மை இந்தியா இயக்கத்தின் ஆண்டுகளில், பல மாநிலங்களில் வேறொரு காட்சியும் நடந்தது. விடியற்காலையில் வெளியே ஒதுங்கச் சென்றவர்களைக் குழுக்கள் விசில் ஊதி விரட்டின. மாலை போட்டு நாணச் செய்தன. நாளேடுகளில் படங்களும் வந்தன. மக்களின் நடத்தையை மாற்றும் முறை என்றே இதற்கும் பெயரிட்டார்கள். கழிப்பறையில் தண்ணீர் உண்டா, குழி நிரம்பினால் அள்ளுவது யார் என்ற கேள்விகள் விசில் ஓசையில் அடங்கிப் போயின.

திருமறையும் ஒரு கருவியோ?

2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நடுவண் அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, தன் இரண்டாம் இயலை இந்த அறிவியலுக்கே அளித்தது. நிதி ஆயோக்கில் இதற்கெனத் தனிப் பிரிவு வேண்டும் என்று பரிந்துரைத்தது. மக்களை வரி கட்டச் செய்வது எப்படி என்ற இடத்தில் அது சமயங்களைத் துணைக்கு அழைத்ததைக் கத்தோலிக்க வாசகர்கள் கட்டாயம் அறிய வேண்டும். கடனோடு இறப்பது பாவம் என்று இந்து சமய மரபு சொல்வதையும், கடன் தீராதவர் சுவர்க்கம் புக இயலாது என்று இஸ்லாம் சொல்வதையும் எடுத்துக்காட்டிவிட்டு, அன்பைத் தவிர வேறெதிலும் கடன்பட்டிருக்கலாகாது என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதிய 13-ஆம் அதிகாரத்தையும் அது சேர்த்துக்கொண்டது.

வரி கட்டுவது கடமை, அதில் ஐயமில்லை. அரசின் ஆவணம் திருமறையைத் தொடுவதும் குற்றமன்று. ஆனால் அதே இயல் வேறு என்ன சொல்லிற்று என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மாவட்டத்தில் மிக அதிகமாக வரி செலுத்துவோருக்கு விமான நிலையத்தில் முன்னுரிமை, சுங்கச் சாவடியில் விரைவு வழி, அவர்கள் பெயரால் சாலைகளும் மருத்துவமனைகளும் என்று அது அடுக்கிற்று. செல்வரின் நடத்தையைத் திருத்தப் பெருமை தேவை. ஏழையின் நடத்தையைத் திருத்த வெட்கமே போதும்! இந்த வேறுபாட்டை எந்த அறிவியல் கண்டுபிடித்தது?

கடனைப் பற்றிப் பவுலடியார் சொன்னதைக் குடிமகனுக்கு நினைவூட்டும் அரசு, அதே சொல்லைச் சர்க்கரை ஆலைக்கு நினைவூட்டியதுண்டா? 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு வந்த 14 நாள்களுக்குள் விலை கொடுத்துவிட வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்று விதித்தது. அந்த 14 நாள் எத்தனை உழவர்களுக்கு 14 மாதமாக நீண்டது என்பதைக் கரும்புப் பகுதி மக்கள் அறிவர். 2022 நவம்பரில் தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில் உழவர்கள் ஆலை வாயிலிலேயே அமர்ந்து தொடர் போராட்டம் தொடங்கினார்கள். நிலுவைத் தொகையும், தங்கள் பெயரில் வாங்கப்பட்ட வங்கிக் கடனுமே அவர்களுடைய குறை. வெயிலிலும் மழையிலும் நாள்கள் நூற்றுக்கணக்கில் கடந்தன.

உழவரின் சிந்தனையைத் தின்பது பற்றாக்குறை என்று அறிவியல் நிறுவிவிட்டது. அந்தப் பற்றாக்குறையின் ஒரு பகுதியை உண்டாக்குவது காலந்தாழ்த்திய கொடுப்பனவு. அப்படியானால் திருத்தப்பட வேண்டிய நடத்தை யாருடையது? உழவருக்குச் சேமிப்பைக் கற்பிக்கும் குறுஞ்செய்திகளை அனுப்ப ஆயிரம் பேர் முன்வருகிறார்கள். ஆலையின் கணக்கரைப் பதினான்காம் நாள் பணம் அனுப்பச் செய்யும் மென்மையான தள்ளலை எவரும் கண்டுபிடிக்கவில்லை. வயலில் அறுவடை செய்தோரின் கூலியைப் பிடித்து வைத்தவர்களைக் கண்டிக்கும் யாக்கோபின் திருமுகமும் அதே விவிலியத்தில்தான் இருக்கிறது. ஆய்வறிக்கையின் கண்ணுக்கு அது படவில்லை.

பழைய பாடம்

இது புதிய கலை என்று எண்ணுவோர் நம் மாநிலத்தின் வரலாற்றையே திருப்பிப் பார்க்கலாம். 1950-களின் பிற்பகுதியில் சென்னை மாநில அரசு, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொள்வோருக்குச் சிறு தொகை கொடுக்கத் தொடங்கிற்று. பிறகு ஆள் பிடித்துக் கொண்டுவருவோருக்கும் தரகு கொடுத்தது. 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளம் முகாமில், வழக்கத்தைவிடக் கூடுதலான பணமும் பரிசுப் பொருள்களும் காட்டி, ஒரே மாதத்தில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. 1966-67 பீகார்ப் பஞ்சத்தின்போது அறுவைக்கு வந்தோர் தொகை பன்மடங்கு பெருகியது. அவர்களுக்குத் திடீரென்று சிறு குடும்பத்தின் மேன்மை விளங்கிவிட்டதா? பசி வந்தது, பணம் தேவைப்பட்டது.

குடும்பக் கட்டுப்பாடு பற்றித் திருச்சபையின் போதனை வாசகர்கள் அறிந்ததே. அதை இங்கே நான் வாதிட வரவில்லை. அப்போதனையை ஏற்காதவரும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டினியாய் இருப்பவன் முன்னே பணத்தை நீட்டிவிட்டு, அவன் தன் விருப்பத்தால் வந்தான் என்று பதிவேட்டில் எழுதுவது பொய். அந்தப் பொய் எங்கே கொண்டுபோய் விட்டது? நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்னும் ஒரே ஆண்டில், நாடெங்கும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. ஊக்கத் தொகையாய்த் தொடங்கியது அலுவலர்க்கு இலக்காயிற்று. இலக்கு ஆள் பிடிப்பாயிற்று. பல இடங்களில் ஆள் பிடிப்பு வன்முறையாயிற்று. இன்றைய மென்மையாளர்கள் அத்தகையோர் அல்லர் என்பது உண்மை. எனினும் மனிதனை எண்ணாக நோக்கத் தொடங்கிய கண், எந்த இடத்தில் நிற்கும் என்பதற்கு எவர் பிணை?

மறுப்புரைகள் இரண்டு

'இதில் கட்டாயம் ஏதுமில்லையே. விரும்பாதவர் விலகிக்கொள்ளலாமே' என்பார்கள். விலகத் தெரிந்தவருக்கு அது சரி. படிவத்தைப் படித்து, அலுவலகம் தேடி, அரைநாள் கூலியை இழந்து விலகக்கூடியவர் யார்? மனச் சுமையால் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் குன்றியிருக்கிறது என்று எவரைப் பற்றி ஆய்வு சொன்னதோ, அவரிடமே 'நீ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்' என்று சொல்வது முரண்பாடு அன்றோ? தேலரும் சன்ஸ்டீனுமே, மக்கள் முன் வெளிப்படையாக ஆதரித்துப் பேச முடியாத எதையும் அரசு செய்யலாகாது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த எல்லையை அவர்களுடைய மாணாக்கர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

'திருச்சபையும் இதைத்தானே செய்கிறது? கோயில் மணி, தவக்காலம், நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டு, இவையெல்லாம் என்ன?' என்பது இரண்டாம் மறுப்பு. கல்வெட்டைப் பற்றிய குத்தல் நியாயமானதே. மின்விசிறியின் இறகிலும் உபயதாரர் பெயரை எழுதும் வழக்கம் பங்குகளிலிருந்து ஒழிந்தால் நல்லது. மணியின் நிலை வேறு. மணி ஒலிப்பது எதற்கென்று குழந்தைக்கும் தெரியும். அறநெறியில் பழக்கத்தின் இடத்தைப் புனித தோமா அக்குவினாஸ் மிக உயர்வாக மதித்தார். நற்பண்பே ஒரு நற்பழக்கம் என்றார். ஆனால் அது அறிந்து, விரும்பி, மீண்டும் மீண்டும் செய்து மனிதன் தனதாக்கிக்கொள்வது. நாம் மாட்டைப் பழக்குகிறோம், மனிதன் பழகுகிறான். இரண்டுக்கும் இடையே மனச்சான்று இருக்கிறது. மனச்சான்று என்பது மனிதன் இறைவனோடு தனித்திருக்கும் உள்ளறை என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தந்த போதனை. அந்த அறைக்குப் பின்வாசல் வைக்க அரசுக்கு உரிமையில்லை.

திருப்பாதிரிப்புலியூர் மக்களுக்கு இது புதிய செய்தியும் அன்று. நம்பிக்கையை மாற்றிக்கொண்டார் என்பதற்காகப் பல்லவ மன்னன் அப்பரை நீற்றறையில் இட்டான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லில் கட்டிக் கடலில் எறிந்தான், அந்தக் கல்லே தெப்பமாய் அவர் கரையேறியது இவ்வூர் அருகே என்பது சைவ மரபு. அன்றைய அரசு மனச்சான்றோடு நேருக்கு நேர் மோதியது. மோதுவது யார் என்று அப்பருக்குத் தெரிந்திருந்தது. மறைந்திருந்து தள்ளும் கையோ எதிர்த்து நிற்கும் வாய்ப்பையும் பறித்துவிடுகிறது.

புட்டிக்குப் பத்து ரூபாய்

நடத்தை அறிவியல் உண்மையில் என்ன செய்ய வல்லது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. மலைகளில் உடைந்து கிடக்கும் மதுப்புட்டிகள் காட்டு விலங்குகளைக் காயப்படுத்துவதைக் கண்டு சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் நீலகிரியில், புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. பெரும்பாலான புட்டிகள் கடைக்குத் திரும்பின. பிற மாவட்டங்களுக்கும் திட்டம் பரவியது. நல்ல திட்டம். யானையின் காலைக் காக்க வழி கண்டவர்களைப் பாராட்டுகிறேன்.

ஆனால் புட்டியைத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்த அரசுக்கு, குடிப்பவரைத் திரும்பக் கொண்டுவரத் தெரியாதா? 2003 நவம்பரிலிருந்து மதுவின் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2023-24-இல் அதன்வழி வந்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். கடை அருகில் இருந்தால் கால் அங்கே போகும், தொலைவில் இருந்தால் தயங்கும் என்பது நடத்தை அறிவியலின் அரிச்சுவடி. அரசு அதை அறியாமலில்லை. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்ற உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டபோது, அக்கடைகள் ஊருக்குள் இடம் தேடின. எத்தனையோ சிற்றூர்களில் பெண்களே தெருவில் இறங்கித் தடுத்தார்கள். 2023 ஜூனில் 500 கடைகளை மூடியதும் அரசே.

சம்பள நாளில் கடைக்கு முன் கூடும் கூட்டத்தின் நடத்தையை ஆராய ஒரு பிரிவு அமையட்டும். கடையின் இடம், நேரம், அளவு, குடிநோய் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஆகியவற்றை அது ஆராயட்டும். அந்த ஆய்வு வருவாயைக் குறைக்கும். ஆகவேதான் அது நடப்பதில்லை. மனித மனத்தின் வலுவின்மையால் கருவூலம் நிறையும்போது அரசுக்கு அறிவியல் மறந்துபோகிறது.

அறிவியலும் மனிதர் செய்வதே என்பதையும் நினைவில் கொள்வோம். படிவத்தின் தொடக்கத்திலேயே உறுதிமொழிக் கையெழுத்து வாங்கினால் மக்கள் உண்மை எழுதுவார்கள் என்ற 2012-ஆம் ஆண்டு ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அதன் தரவுகள் புனையப்பட்டவை என்று வெளியானபின், 2021-இல் அந்த ஆய்வு திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்வுக்கே இந்தக் கதி என்றால், நிபுணர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஏழையின் வாழ்வைச் சோதனைக் களமாக்க எவரும் விரையலாகாது.

நாம் கேட்க வேண்டியவை

சுமையை இறக்கும் பாதை நமக்குத் தெரியாததன்று. பள்ளிக்கு வராத பிள்ளையின் மனத்தைக் காமராசர் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. 1956-இல் மதிய உணவு போட்டார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார்; 2022-இல் காலை உணவும் வந்தது. அதில் தந்திரம் ஏதுமில்லை, எவரும் நாணவில்லை. பசித்த பிள்ளையின் முன் இருந்த தடை அகன்றது. பிள்ளை தானே வந்தது.

அலுவலகங்கள் மக்கள் வழியில் போடும் வீண் தடைகளுக்குத் தேலரே சேறு என்னும் பொருள்படப் பெயர் சூட்டியிருக்கிறார். சிட்டாவுக்கு ஒரு நாள், அடங்கலுக்கு ஒரு நாள், கையொப்பத்துக்கு ஒரு நாள் என்று நம் உழவர் மிதித்துப் பழகிய சேறு அது. அதில் காலைப் புதைத்து நிற்பவனை 'வேகமாக நட' என்று பின்னாலிருந்து தள்ளுவது அறிவுடைமை ஆகுமா?

ஆகவே, வாசகப் பெருமக்களே, அலுவலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஆலைகளிலும் ஊராட்சிகளிலும் பணியாற்றும் பொதுநிலையினர் உங்களுள் பலர். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் நடத்தையை மாற்றும் திட்டம் எதுவும் முன்வைக்கப்பட்டால், எழுந்து நின்று மூன்று வினாக்களைக் கேளுங்கள். இத்திட்டத்தின் நோக்கத்தையும் முறையையும் எங்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் செய்வீர்களா? எங்களைத் திருத்துமுன், எங்கள் வழியில் நீங்கள் போட்ட தடைகளை அகற்றினீர்களா? எங்களிடம் காட்டும் அக்கறையை, எங்களுக்குக் கடன்பட்டிருக்கும் ஆலையிடமும் அலுவலகத்திடமும் காட்டுவீர்களா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் அத்திட்டத்துக்குக் கை கொடுங்கள். ஒன்றுக்கேனும் மழுப்பல் வந்தால், விடை வரும்வரை உட்காராதீர்கள்.